வகுப்புக்குப் போக நேரமில்லை. துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. மருத்துவமனையில் சுழற்சி ஷிப்டில் வேலை. துப்பாக்கி சுடும் விளையாட்டின் மேல் சின்ன வயதிலிருந்தே ஆசை. சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்குப் போய்ச்சேர மூன்று மணி நேரம் ஆகிறது. அங்கே வகுப்பு நடப்பதோ வார நாட்களில், அதுவும் காலையில். ஒரே ஒரு அறிமுக வகுப்புக்குப் போனேன். பத்து பெல்லட் (ஏர் துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டு) சுட்டதோடு சரி. ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கி, வீடியோக்களைப் பார்த்து வீட்டிலேயே பழகலாமா? உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "ஆளில்லாத வெட்டவெளிக்குப் போவோம், என் .22 ரைபிளில் சுட்டுப் பார், ஒரே நாளில் பிடிபட்டுவிடும்" என்கிறார். வலக்கையை இழந்த ஹங்கேரி வீரர் ஒருவர் தனியாகவே இடக்கையில் பழகி ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்று படித்தேன். அவரால் முடிந்தது என்னால் முடியாதா? வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான். இன்னொரு சந்தேகம்: நான் வலக்கைப் பழக்கம் உள்ளவள், ஆனால் எனக்கு இடக்கண்தான் ஓங்கிய கண் (குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண்) என்று அந்த வகுப்பில் சொன்னார்கள். இது குறையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஹங்கேரிக்காரரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அவரைச் சொல்லித்தான் பலர் என்னிடம் வாதாடுகிறார்கள். பெயர் காரோலி டகாச். ராணுவ வீரர். 1938-இல் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்துபோனது. அடுத்த ஆண்டே இடக்கையால் சுட்டுத் தன் நாட்டின் பிஸ்டல் சாம்பியன் ஆனார். அதன்பின் 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி என்று இரண்டு ஒலிம்பிக்கிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம். எல்லாம் உண்மை. ஆனால் கை போவதற்கு முன்பே அவர் முதல்தரமான சுடுவீரர் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவர் இழந்தது கையை மட்டும்தான். ஒரு ஷாட் ஏன் நன்றாக விழுந்தது, ஏன் கெட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் அறிவு அவரிடம் அப்படியே இருந்தது. இடக்கைக்கு அவரே கோச்.

உங்களுக்குள் அந்தக் கோச் இன்னும் பிறக்கவில்லை. பத்து பெல்லட்டில் யாருக்கும் பிறக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லாவிட்டாலும். நானும் ஆரம்பத்தில் ஒன்றரை வருடம் தனியாகத்தான் பழகினேன். என் ஷாட்டெல்லாம் இடப்பக்கம் கீழே போய் விழும். துப்பாக்கியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, சைட்டின் (குறிபார்க்க உதவும் பாகத்தின்) திருகைத் திருப்பித் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தேன். டார்கெட் அட்டையில் பத்துகள், அதாவது நடு வளையத்தின் புள்ளிகள், விழ ஆரம்பித்தன. எனக்கு ஒரே குதூகலம். பிறகு ஒரு கோச்சிடம் போனேன். இரண்டே நிமிடம் என் பக்கத்தில் நின்று பார்த்தார். திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, "நீ ட்ரிகரை அழுத்தவில்லை, பிடுங்குகிறாய். அதோடு மணிக்கட்டும் சாய்கிறது" என்றார். வலக்கையால் சுடுபவர் ட்ரிகரைப் பிடுங்கினால் ஷாட் இடப்பக்கம் கீழே போகும் என்பது பாலபாடம். எனக்குச் சொல்ல ஆளில்லை. அந்தப் பழக்கத்தை அழிக்க ஒரு வருடம் பிடித்தது.

ஆகவே என் பதில் இதுதான்: சுடும் திறமையில் பெரும்பகுதியை வீட்டிலேயே, ஒரு பெல்லட்கூடச் செலவழிக்காமல் வளர்த்துக்கொள்ளலாம். உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் துப்பாக்கியைக் கையாளும் ஒழுங்கை மட்டும் இன்னொருவர் கண் பார்க்கத்தான் பழக வேண்டும், அதுவும் முதலிலேயே. வகுப்புகள் குறைவாக இருக்கலாம். முதல் வகுப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் நண்பரின் யோசனையைத் தள்ளிவைத்துவிடுவோம். வேண்டாம். உரிமம் அவருடையது, உங்களுடையது அல்ல. இன்னொருவர் துப்பாக்கியை எடுத்துச் சுடுவது பல நாடுகளில் குற்றம். ஏர் பிஸ்டலுக்கே உரிமம் கேட்கும் இடங்களும் உண்டு. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் உரிமமே கிடைக்காத இடங்களும் உண்டு. அங்கெல்லாம் வீட்டில் எவ்வளவு பழகினாலும் வகுப்புக்கு ஈடாகாது. எதையும் வாங்குமுன் உங்கள் பகுதியில் உரிமம் வழங்கும் அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். சட்டத்தை விட்டாலும், .22 தோட்டா ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் போகக்கூடியது. கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்து எங்கேயும் போகும். ஆளில்லாத வெளி என்பது உங்கள் கண்ணுக்கு எட்டியவரைதான். ரேஞ்சில் டார்கெட்டுக்குப் பின்னால் மண்மேடும் சுவரும் எழுப்பியிருப்பது அதற்காகத்தான். மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றாதது. முதல் நாளே காதுக்குக் கவசமில்லாமல் அந்த வெடிச்சத்தத்தில் சுட்டால், உடம்பு ஒன்றைக் கற்றுக்கொள்ளும்: ட்ரிகர் விழப்போகும் நொடியில் கண்ணை மூடித் தோளைச் சுருக்குவது. ஒரே நாளில் பிடிபடும் என்றாரே நண்பர், அந்தச் சுருக்கம்தான் ஒரே நாளில் பிடிபடும். விடுவதற்கு மாதக்கணக்காகும்.

சரி, முதல் வகுப்பு. ரேஞ்சுக்கு எழுதும்போது வழக்கமான வகுப்பில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்காதீர்கள். உங்கள் ஷிப்டைச் சொல்லி, ஒரு முழு நாள் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள். பெரும்பாலான கோச்சுகள் வார இறுதியில் ரேஞ்சில்தான் கிடப்போம். நேர்மையாகக் கேட்பவரைத் திருப்பி அனுப்புவது அபூர்வம். அந்த நாளில் நிறையச் சுட வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். முப்பது நாற்பது பெல்லட் போதும். மீதி நேரமெல்லாம் எடுப்பது, திறப்பது, காலியா என்று பார்ப்பது, வைப்பது. சலிப்பாகத்தான் இருக்கும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை நீங்கள் அறிமுக வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழல் முனையைத் திருப்பாதே. சைட் டார்கெட்டில் அமரும்வரை விரலை ட்ரிகரில் வைக்காதே. டார்கெட் எது, அதற்குப் பின்னால் என்ன என்று தெரிந்துகொள். ஒப்பிக்க இரண்டு நிமிடம். ஆனால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடும்போது துப்பாக்கியோடு திரும்பாமல் தலையை மட்டும் திருப்புகிறீர்களா என்பதை வீடியோ பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நான் வேண்டுமென்றே பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பேன். பத்தில் ஏழெட்டுப் பேர் முதல் தடவை துப்பாக்கியோடுதான் திரும்புவார்கள்.

பின்னாளில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) உள்ள துப்பாக்கியைத் தொடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: முதலில் மேகசினைக் கழற்று, பிறகு சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தை) திற. வரிசை மாறினால் சேம்பரைக் காலி செய்த கையாலேயே அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடுவீர்கள். 'காலித் துப்பாக்கி வெடித்தது' என்று கேள்விப்படும் விபத்துகளில் இந்த வரிசைக் குழப்பம் அடிக்கடி வரும்.

இனி வீட்டுப் பயிற்சி. இதை நாங்கள் டிரை பயிற்சி என்போம்: குண்டில்லாமல், நிஜமாகச் சுடுவதைப் போலவே எல்லாவற்றையும் செய்வது. பெரிய வீரர்களும் தினமும் செய்வது இது. வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். போட்டிக்கான காற்றழுத்த பிஸ்டல்களில் டிரை பயிற்சிக்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கும். விலை குறைந்த ஸ்பிரிங் வகையில் பெல்லட் இல்லாமல் விசையை விட்டால், உள்ளே பிஸ்டன் தடையில்லாமல் போய் மோதிக் கெட்டுப்போகும். வெறும் சேம்பரில் அடித்தால் கெடும் .22 துப்பாக்கிகளும் உண்டு. அதனால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் எதையும் டிரையாக அடிக்காதீர்கள்.

வெள்ளைச் சுவர்தான் உங்கள் முதல் டார்கெட். புள்ளி எதுவும் வேண்டாம். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 33 சென்டிமீட்டர் என்று வையுங்கள். டார்கெட் 10 மீட்டரில். அது இந்த இடைவெளியைப் போல 30 மடங்கு. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், டார்கெட்டில் ஷாட் 30 மில்லிமீட்டர் விலகும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான். அதாவது அந்த ஒரு மில்லிமீட்டர் உங்களைப் பத்திலிருந்து ஏழுக்குத் தள்ளிவிடும். மாறாக, இரண்டு சைட்டும் ஒன்றோடொன்று சரியாக நின்று, கை மொத்தமாக 5 மில்லிமீட்டர் இப்படி அப்படி அலைந்தால்? அப்போதும் பத்துதான்.

புதியவர்கள் கை ஆடுகிறதே என்றுதான் கவலைப்படுகிறார்கள். கை ஆடட்டும், எனக்கும் ஆடுகிறது. இரண்டு சைட்டும் சரியாக நிற்க, அதைக் கலைக்காமல் ட்ரிகரை அழுத்துவதுதான் வேலை. கறுப்பு வட்டத்தை மாட்டிவிட்டால் கண் அங்கே ஓடிவிடும். வெறும் சுவரில் பார்க்க வேறொன்றும் இல்லாததால் கண் முன் சைட்டிலேயே தங்கும். முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும், அதன் இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம், மேல்விளிம்பு சமம். அப்படியே ட்ரிகரைத் தாமதமாக, நேர் பின்னால் அழுத்துங்கள். 'டிக்' என்று விழும் நொடியில் முன் சைட் துள்ளியதா, நின்றதா? துள்ளினால் எந்தப் பக்கம்? அதைப் பார்த்துச் சொல்லத் தெரிந்துவிட்டால், மேலே சொன்னேனே, அந்த உள்ளேயிருக்கும் கோச் பிறக்க ஆரம்பித்துவிட்டார்.

மூச்சைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பாதி விட்டுவிட்டு இயல்பாக நிறுத்துங்கள், அவ்வளவுதான். சைட் நிலைத்த பிறகு எட்டு நொடிக்குள் ஷாட் போகவில்லை என்றால் கையை இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண் சோர்ந்து, சைட் சரியாக நிற்பதாகப் பொய் சொல்லும். இறக்கத் தெரிவதும் ஒரு திறமை. வீம்புக்காரர்களுக்கு அது வரவே வராது.

நிற்கும் நிலையைச் சோதிக்க ஒரு வழி: கையைத் தூக்கிக் குறிபார்த்து, கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுத் திறங்கள். சைட் வேறெங்கோ போயிருந்தால் கையை இழுத்துச் சரிசெய்யாதீர்கள், காலை நகர்த்துங்கள். பிஸ்டல் வாங்கும்வரை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து நின்று பழகலாம். எடை ஏறத்தாழ அதே ஒரு கிலோதான். நீட்டிய கையில் பத்து நொடி, அரை நிமிட ஓய்வு, மறுபடியும். இரவு ஷிப்ட் முடித்து வந்த நாளில் இதெல்லாம் வேண்டாம். சோர்ந்த உடம்பு தவறைத்தான் மனப்பாடம் செய்யும். வாரத்தில் நான்கு நாள், கால்மணி நேரம் தாராளம்.

இப்போது நான் மிகவும் பயப்படும் விஷயம். டிரை பயிற்சி செய்பவர்கள் ஆரம்பத்தில் தப்பு செய்வதில்லை. அப்போது எல்லாரும் பயபக்தியாக இருப்பார்கள். தப்பு முடிந்த பிறகு நடக்கிறது. பயிற்சி முடித்து, குண்டு போட்டு வைத்துவிட்டு, 'அந்தக் கடைசி ஒன்று சரியாக வரவில்லையே, இன்னும் ஒரே ஒரு தடவை' என்று எடுப்பார்கள். மூளைக்கு அது இன்னும் காலித் துப்பாக்கி. அதனால் உங்களுக்கு ஒரு சடங்கு வைக்கிறேன். பெல்லட் டப்பா வேறு அறையில் பூட்டியிருக்கும். பயிற்சி அறைக்குள் வரவே வராது. எடுத்ததும் திறந்து கண்ணால் பாருங்கள். வேறு துப்பாக்கியானால் சேம்பரைச் சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். ரேஞ்சில் எல்லாத் துப்பாக்கியிலும் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கொடி செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; ஏர் பிஸ்டலில் குழலின் முழு நீளத்துக்கும் ஒரு நைலான் இழையை நுழைத்துவிட்டால் உள்ளே பெல்லட் இல்லை என்பதற்குக் கண்கண்ட சாட்சி. டிரை அடிக்கும்போது மட்டும் அதை எடுங்கள். சுடுவது ஒரே சுவரை நோக்கி, பின்னால் ஆள் நடமாட்டமில்லாத கெட்டியான சுவராகப் பார்த்து. முடித்ததும் சத்தமாகச் சொல்லுங்கள்: "பயிற்சி முடிந்தது." சொன்னபின் அன்று அந்தத் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வராது. தனியாகப் பேசுகிறாளே என்று வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பையனைப் பற்றி. அவனுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்பது வயதுக்குத் தெரியாத ஒளிவிடம் எந்த வீட்டிலும் இல்லை. மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. பூட்டுங்கள், சாவி உங்கள் உடம்போடு இருக்கட்டும். பயிற்சி, அவன் பள்ளியில் இருக்கும் நேரத்தில். ஏர் பிஸ்டல்தானே என்ற அலட்சியம் வேண்டாம், 4.5 மில்லிமீட்டர் ஈயப் பெல்லட் ஒரு கண்ணைப் பறிக்கப் போதும். ஈயத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடாதீர்கள்.

வீடியோக்களை நான் வெறுக்கவில்லை. ஒரே ஒரு ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து அவரையே பாருங்கள். பத்துப் பேரைப் பார்த்தால் பத்து விதமான பிடி கையில் நிற்கும். இடுப்பு உறையிலிருந்து மின்னல் வேகத்தில் உருவுவது, ஓடிக்கொண்டே சுடுவது இதெல்லாம் உங்களுக்கு இப்போது இல்லை. பார்ப்பதைவிட எடுப்பது பயன்: ஃபோனைப் பக்கவாட்டில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி (முன்னால் அல்ல, டிரை பயிற்சியானாலும் குழலுக்கு எதிரே எதுவும் கூடாது) ட்ரிகர் விரலையும் மணிக்கட்டையும் மெதுவோட்டத்தில் படமெடுத்து, உங்கள் கோச்சுக்கு அனுப்புங்கள். முதல் நாள் உங்களை நேரில் பார்த்த கோச்சாக இருந்தால், மூன்று மணி நேரப் பயணம் வேண்டிய பாதிச் சந்தேகங்கள் இதிலேயே தீரும். பார்க்காதவருக்கு அனுப்பினால் பாராட்டுதான் வரும்.

ஆறு வாரம் இப்படிப் போனதும் இரண்டாம் முறை ரேஞ்சுக்குப் போங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும், அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே, அது எங்கே விழுந்திருக்கும் என்று நோட்டில் எழுதுங்கள், பிறகு பாருங்கள். எழுதியதும் விழுந்ததும் பெரும்பாலும் ஒத்துப்போனால் உங்கள் வீட்டுப் பயிற்சி நேர்வழியில் போகிறது. மொத்தமாக ஒத்துப்போகாவிட்டால் இடைவெளியைக் குறைத்து, அடுத்த மாதமே மீண்டும் வாருங்கள். ஒத்துப்போனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். முடிந்தால் ஒரு நாள் போட்டியைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். 'லோட்', 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்', 'அன்லோட்' என்ற கட்டளைகளுக்கு சுடுபவர்களின் மொத்த வரிசையும் எப்படி அசைகிறது என்பதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

கடைசியாக உங்கள் கண். குறை ஒன்றும் இல்லை. வலக்கையும் இடக்கண்ணும் ஓங்கியவர்கள் நிறையப் பேர் சுடுகிறார்கள். ஆனாலும் ஒருமுறை சொன்னதை நம்பாமல் நீங்களே சோதியுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுதான் ஓங்கிய கண். காலையிலும் இரவிலும், நாலைந்து நாள் பாருங்கள். இடக்கண்தான் என்று உறுதியானால், பிஸ்டலில் இரண்டு வழி. வலக்கையால் பிடித்துத் தலையைக் கொஞ்சம் திருப்பி இடக்கண்ணால் குறிபார்க்கலாம். அல்லது இடக்கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு மாட்டிக்கொண்டு வலக்கண்ணைப் பழக்கலாம். போட்டி விதிகளிலேயே 30 மில்லிமீட்டர் அகலம்வரை அந்த மறைப்புக்கு அனுமதி உண்டு. ரைபிள் என்றால், புதியவர் என்பதால், இடத்தோளிலேயே பழகிவிடச் சொல்வேன்.

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், போட்டி பிஸ்டலின் கைப்பிடி வலக்கைக்கு வேறு, இடக்கைக்கு வேறு. கை அளவுக்கும் தனித்தனி. எந்தக் கை, எந்தக் கண் என்று கோச்சோடு சேர்ந்து முடிவாகும்வரை பணத்தைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். அதுவரை தண்ணீர் பாட்டில் இருக்கிறது.